வலப்பக்கத்து மஞ்சள் பலூன்

"குரங்கு விரட்டவாம்மா?" என்று கடைக்கார அண்ணாச்சி கேட்கிறார். ஆமாம் என்று தலையாட்டிவிடலாம். அது மரியாதையான காரணம், தோப்பு வைத்திருக்கிறவர்கள் சொல்கிற காரணம், பொருளுக்கு ஒரு வேலை இருக்கிறது என்று கேட்கிறவருக்கும் திருப்தி. ஆனால் எனக்குத் தோப்பு இல்லை, நானும் ஜெபமலரும் வாடகைக்கு இருக்கிற மாடி வீட்டுக்குக் குரங்கு வந்ததும் இல்லை, பொய் சொன்னால் எனக்குக் காது சூடாகும், இப்போது சொல்வதற்கு முன்பே சூடாகிவிட்டது. பஸ்ஸில் வரும்போது வேறொரு பதிலும் தயார் செய்திருந்தேன், கம்பெனியில் போட்டி வைக்கிறார்கள் என்று. அதையும் சொல்ல முடியாது. எங்கள் பால் கம்பெனி ஆண்டு விழாவில் எலுமிச்சம்பழக் கரண்டியும் கோலமும்தான் போட்டி, அங்கேயே வேலை பார்க்கிற ஜெபமலர் பக்கத்தில் நிற்கிறாள், சிரித்தே காட்டிக் கொடுத்துவிடுவாள். "சும்மா," என்கிறேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "சும்மாதான் அண்ணாச்சி. அட்டையில குறி பாத்துச் சுட." சொல்லியாகிவிட்டது. வானம் இடிந்து விழவில்லை, மேலே மின்விசிறி அதேபோல் கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றுகிறது. அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்க்கிறார். "சும்மாவா? நல்லதாப் போச்சு. குரங்குக்கு வாங்குதவன் ஒரு தடவையோட போயிருவான். சும்மா வாங்குதவன்தான் மாசா மாசம் ரவைக்கு வருவான்." ஜெபமலர் விடுவாளா. "அண்ணாச்சி, இவ வாயில இருந்து சும்மாங்கிற வார்த்தையே இன்னைக்குத்தான் வருது. சோப்பு எடுத்தாக்கூட உறைக்குப் பின்னால உள்ள பொடி எழுத்தெல்லாம் படிச்சிட்டுத்தான் எடுப்பா. ஏட்டி இசக்கி, சொல்லு, துப்பாக்கிக்கு எத்தனை மாசம் படிச்ச?" அண்ணாச்சி சிரித்துக்கொண்டே உள் அறைக்குப் போகிறார், அங்கே அட்டைப் பெட்டிகள் உராய்கிற சத்தம் கேட்கிறது.

படித்தேன்தான். பரீட்சைக்குப் படித்ததுபோலப் படித்தேன். காற்றுத் துப்பாக்கிதானே, நாலரை மில்லிமீட்டர் குழல், குறிப்பிட்ட சக்திக்கு உள்ளே இருந்தால் லைசென்ஸ் வேண்டாம், ஆதார் நகல் போதும், இதை மட்டும் எத்தனை தடவை படித்திருப்பேன், போலீஸ் வந்து அப்பாவிடம் கேட்பதுபோலக் கனவுகூட வந்தது. விலை கூடியது எதற்கு, குறைந்ததில் என்ன குறை, தொலைநோக்கி வேண்டுமா வெறும் கண்ணே போதுமா, தட்டைத் தலை ரவையா கூர்த்தலை ரவையா, அட்டைக்குத் தட்டைத்தலைதான், வட்டமாக வெட்டினதுபோல ஓட்டை விழும், எண்ணிப் பார்க்க வசதி. மொட்டை மாடியில் எங்கே வைத்துச் சுடுவது என்றுகூடப் பார்த்து வைத்தாயிற்று. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கெட்டிச் சுவர், அதற்கு முன்னால் மண் நிரப்பின தகரப் பெட்டி, மாடிக் கதவுக்கு உள்ளிருந்து தாழ்ப்பாள். இவ்வளவும் யோசித்தவள் எதற்கு என்பதை மட்டும் யோசிக்கவில்லை. யோசித்தால் வேண்டாம் என்று வந்துவிடும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று தாசில்தார் எழுதிக்கொடுத்த சான்றிதழ் என் பெட்டியில் இருக்கிறது, அப்படிப்பட்டவள் வாங்குகிற ஒவ்வொன்றும் எதற்காவது ஆக வேண்டும், மிக்ஸி அம்மாவுக்கு ஆகும், கட்டில் அப்பாவின் இடுப்புக்கு ஆகும், இது எதற்கு ஆகும். ஒன்றுக்கும் ஆகாது. அந்த ஒன்றுக்கும் ஆகாததுதான் இப்போது உள்ளே பெட்டியிலிருந்து வெளியே வந்துகொண்டிருக்கிறது, எண்ணெய் வாசனை முன்னாலேயே வந்துவிட்டது, அந்த வாசனை எனக்குத் தெரியும், பிறந்ததிலிருந்து தெரியும். "ஏட்டி, மூச்சு விடு," என்கிறாள் ஜெபமலர்.

ஏனென்றால் நான் வளர்ந்ததே அந்த வாசனையில்தான். அப்பா சொரிமுத்துவுக்குப் பலூன் சுடுகிற கடை. கோயில் கொடை, தேர், பொருட்காட்சி, எங்கே கூட்டமோ அங்கே நாலு கம்பை ஊன்றி, பலகையில் வரிசையாகப் பலூன் கட்டி, முன்னால் ஒரு மேசை, மேசைமேல் துப்பாக்கி. அந்தத் துப்பாக்கியின் குழல் நுனியில் ஒரு சின்ன இரும்பு முள் நிற்கும், அதைத்தான் பின்னால் இருக்கிற பள்ளத்தின் நடுவே நிறுத்திக் குறி பார்க்க வேண்டும். எங்கள் துப்பாக்கியில் அந்த முள் ஒரு மயிரிழை வலப்பக்கம் சாய்ந்திருக்கும். அப்பா சுத்தியலால் ரெண்டு தட்டு தட்டிச் சாய்த்தது. அதோடு ஸ்பிரிங்கும் பழசு, ரவை கீழே இறங்கும். ஆக, எவ்வளவு பெரிய வீரன் வந்து நின்றாலும் பலூனுக்கு இடப்பக்கம் கீழே காற்றைத்தான் சுட்டுவிட்டுப் போவான். எல்லாரும் இப்படியே சுட்டால் கடை ஓடுமா, கடையில் கோளாறு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்களே, அதற்குத்தான் நான். கூட்டம் குறைகிற நேரத்தில் அப்பா என்னை ஒரு முக்காலிமேல் ஏற்றிவிடுவார், பட்டுப்பாவாடையோடு. "பாருங்க சார், சின்னப்பிள்ளை சுடுது, நீங்க மீசை வச்சிருக்கீங்க!" நான் சுடுவேன், ஒன்றுவிடாமல் உடையும். சிவப்பு உடைய வேண்டுமானால் அதற்கு வலப்பக்கத்து மஞ்சளைப் பார், மஞ்சளின் தலைக்கு மேலே கொஞ்சம் பார், விசையை அமுக்கு. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, கையே கற்றுக்கொண்டது. பட்டுப் பட்டென்று உடையும், மீசைக்காரர்கள் காசை எடுப்பார்கள், அம்மா பம்பை வைத்து அடுத்த பலூனை ஊதுவாள். எனக்கு அப்போது இருந்த சந்தோஷம், அது பொய்யில்லை, அது நிஜமான சந்தோஷம், அப்படி ஒன்று அதற்கப்புறம் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடிவு வந்த நாளில்கூட வரவில்லை. பெரியவளான பிறகு முக்காலி போய்விட்டது, சந்தோஷம் மட்டும் தோளில் ஒரு இடத்தில், கட்டை வந்து பதிகிற அந்தக் குழியில், அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் ஒரு பயமும் கூடவே உட்கார்ந்திருக்கிறது. எனக்குச் சுடத் தெரியுமா. இல்லை, அந்த ஒரு கோணல் துப்பாக்கியை மட்டும்தான் தெரியுமா.

அண்ணாச்சி மூன்று துப்பாக்கிகளைக் கொண்டுவந்து கண்ணாடி மேசையில் வரிசையாகப் படுக்க வைக்கிறார். முதலாவது தொலைநோக்கியோடு பளபளவென்று இருக்கிறது, அதைப் பார்க்கவே வேண்டாம், அது என் கைக்கு எட்டாத விலை, மரியாதைக்குத் தொட்டுவிட்டு நகர்கிறேன். இரண்டாவது கனம், கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை. மூன்றாவது மரக்கட்டை, ஒல்லி, தோளில் வைத்ததும் கன்னம் தானாகப் போய்ப் படிகிறது, எனக்கென்று அளவெடுத்ததுபோல. இதுதான். பார்த்தவுடனே இதுதான். விலையும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கண் முதலில் போனது குழல் நுனிக்கு. மரக்கட்டையில் வெறும் முள், திறந்த முள். கறுப்பில் முள்ளைச் சுற்றி ஒரு இரும்பு வளையம், சின்ன மூக்குத்திக் கூடுபோல, உள்ளே சுத்தியல் நுழையாது. சுத்தியல் நுழையாது என்று ஏன் நினைத்தேன். காலையில் அப்பாவிடமிருந்து வந்த போனால்தான். "ஏ பிள்ள, ஜெபமலரு அம்மாட்ட சொல்லிச்சாம், துப்பாக்கி எடுக்கப் போறியாமே? நம்ம கடைக்குத்தானே? நானே சொல்லணும்னு இருந்தேன், பழசுல ஸ்பிரிங்கு செத்துப் போச்சு, ரவை மேசையத் தாண்டவே யோசிக்கி. நீ நல்லதாப் பாத்து எடு, முள்ளை நான் பாத்துக்கிடுதேன்." எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். பிள்ளை சம்பாதித்து அப்பன் தொழிலுக்குத் துப்பாக்கி வாங்குகிறது என்று பக்கத்துக் கடை ராட்டினக்காரரிடம் இந்நேரம் சொல்லி முடித்திருப்பார். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. "பஸ் வந்துட்டுப்பா" என்று வைத்துவிட்டேன். பஸ் நிஜமாகவே வந்தது, அதனால் அது பொய்யில்லை, ஆனால் காது சூடாகத்தான் இருந்தது. அந்தக் கோணல் முள்தான் எனக்குக் கல்லூரிப் பஸ் பாஸ் எடுத்துத் தந்தது, ஆய்வகத்துக்கு வெள்ளைக் கோட்டு தைத்துத் தந்தது, இது எனக்குத் தெரியாதா. அதனால்தான் மூக்குத்திக் கூடு போட்ட கறுப்பு. அதை வாங்கினால் நான் ஒன்றும் சொல்ல வேண்டாம். அப்பா பார்ப்பார், திருப்பிப் பார்ப்பார், "இதுல ஒண்ணும் பண்ண முடியாதே" என்பார், துப்பாக்கி என்னோடு மாடிக்குத் திரும்பி வந்துவிடும். யாரும் யாருக்கும் இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. என்ன அருமையான ஏற்பாடு. "இதை எடுத்துக்கிடட்டா?" என்று கறுப்பைத் தூக்குகிறேன், தோள் உடனே வேண்டாம் என்கிறது, கட்டை நீளம், கன்னம் தொங்குகிறது. "நீ பாக்கது அதை, தூக்குதது இதை," என்கிறாள் ஜெபமலர். "பொண்ணு பாக்க வந்தவன் தங்கச்சியப் பாத்த கதையால்ல இருக்கு." அண்ணாச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சும்மா பாத்தா எப்படித் தெரியும். பின்னால வாங்க, அடிச்சுப் பாருங்க. பிடிச்சது எதுவோ அதை எடுத்துட்டு வாங்க." கை மரக்கட்டையை எடுத்துவிட்டது. நான் சொல்லி எடுக்கவில்லை.

கடைக்குப் பின்னால் நீளமான சந்து, இரண்டு பக்கமும் உயரச் சுவர், மேலே தகரக் கூரை, கடைசியில் மணல் மூட்டை அடுக்கி அதன்மேல் அட்டை. வெள்ளை அட்டையில் கறுப்பு வட்டம், கறுப்புக்குள் வளையங்கள், நடுவில் ஒரு புள்ளி. பலூன் இல்லை. ஆடவில்லை, பளபளக்கவில்லை, காற்றில்லை, சும்மா நிற்கிறது. குழலைப் பிடித்துக் கீழே மடக்குகிறேன், உள்ளே ஸ்பிரிங் அமுங்கி டக்கென்று பிடிக்கிறது, அடேயப்பா என்ன பலம், இதுதான் புது ஸ்பிரிங்கா, கை முழுக்க ஓடுகிறது. ரவையைத் துளையில் வைத்துக் கட்டைவிரலால் தடவி நிமிர்த்துகிறேன். "அட, பழக்கம் உண்டு போலயே," என்கிறார் அண்ணாச்சி. பதில் சொல்லப் பயம், சொன்னால் முக்காலி, பட்டுப்பாவாடை எல்லாம் சொல்ல வேண்டி வரும். இறுக்கிப் பிடிக்காதே, கோழிக்குஞ்சுபோலப் பிடி, ஸ்பிரிங் துப்பாக்கி துள்ளத்தான் செய்யும், துள்ள விடு. கன்னம் படிகிறது. பள்ளம், முள், அட்டை. மூச்சு பாதி வெளியே. ஆய்வகத்தில் பால் கொழுப்பு அளவு படிக்கும்போது இப்படித்தான், கண்ணைக் கோட்டுக்கு நேராக வைக்காமல் படித்தால் ஊர்ப் பாலுக்கெல்லாம் தப்பான விலை போய்விடும், மேலதிகாரி எத்தனையோ முறை என் அளவை மட்டும் மறுபடி பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நேராக. நேராகத்தானே பார்க்கிறேன். பட். தோளில் அந்தக் குழி கண் விழித்துக்கொள்கிறது. இத்தனை வருஷம் தூங்கின இடம். பட். இன்னொன்று. சிரிப்பு வருகிறது, ஜெபமலர் என்னவோ சொல்கிறாள், காதில் விழவில்லை. பட். மடக்கு, வை, நிமிர்த்து. பட். வாழ்க்கையில் இவ்வளவு சீக்கிரம் எதையும் செய்ததில்லை. பட். "போதும், போதும், பாக்கலாம்," என்று அண்ணாச்சி நடந்துபோய் அட்டையை எடுத்து வருகிறார்.

கறுப்பு வட்டம் அப்படியே இருக்கிறது, கன்னி கழியாமல். ஒரு கீறல் இல்லை. என் நெஞ்சு செருப்புக்குள் இறங்குகிறது. தெரியாது, எனக்குச் சுடத் தெரியாது, எல்லாம் அந்தக் கோணலின் புண்ணியம். அப்போது அண்ணாச்சியின் விரல் அட்டையின் வலது மேல் மூலைக்குப் போகிறது. அங்கே ஒரு ஓட்டை. ஒரு ஓட்டை இல்லை, ஐந்தும் ஒன்றையொன்று தின்று ஒரே ஓட்டை, கால் ரூபாய்க் காசு அகலம். "ஆத்தாடி," என்கிறார் அவர், "அஞ்சையும் ஒரே இடத்துலல்லா போட்டிருக்க! முப்பது வருஷமாக் கடை வச்சிருக்கேன், முதல் தடவை இப்படிப் போட்டவன் யாரும் கெடையாது." அந்த ஓட்டை எனக்குத் தெரிகிறது. நன்றாகத் தெரிகிறது. அது மஞ்சள் பலூனின் தலைக்கு மேலே இருக்கிற இடம். நேராகப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டே கண் அங்கே போயிருக்கிறது, முக்காலிமேல் நிற்கிறவள் இன்னும் இறங்கவில்லை. அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ஸ்குரூ டிரைவரை எடுக்கிறார். "உன் கையில கோளாறு இல்லம்மா. துப்பாக்கியிலதான் சின்னக் கோளாறு, குறி தள்ளியிருக்கு. இந்தத் திருகை ரெண்டு சுத்து சுத்துனா நீ பிடிக்கது நடுவுல போய் விழும். உனக்குத் தக்கபடி வச்சுத் தாரேன்." அப்படியே விட்டுவிடலாம். என் கோணலுக்குத் தக்கபடி துப்பாக்கியைக் கோணலாக்கித் தருகிறேன் என்கிறார், அன்பாகத்தான் சொல்கிறார், அப்பாவும் அன்பாகத்தான் சொன்னார், முள்ளை நான் பாத்துக்கிடுதேன் என்று. நானும் காலையிலிருந்து அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன், வேண்டியது மரக்கட்டை, பார்ப்பது கறுப்பு. சொல்ல வேண்டியது "இல்லை" என்ற ஒரு வார்த்தை, சொன்னது "பஸ் வந்துட்டுப்பா". எப்போதுமே பக்கத்துப் பலூன். ஸ்குரூ டிரைவர் திருகைத் தொடுகிறது. "வேண்டாம் அண்ணாச்சி!" சத்தம் சந்து முழுக்க எதிரொலிக்கிறது, ஜெபமலர் துள்ளிவிட்டாள். "துப்பாக்கி சரியாத்தான் இருக்கு. அதுல கோளாறு கிடையாது. நான்தான் தள்ளிப் பிடிச்சேன்." "அஞ்சையுமா?" "அஞ்சையும்தான்." அவர் என்னை நம்பாமல் பார்க்கிறார், ஸ்குரூ டிரைவரைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொள்கிறார், இன்னொரு ரவையை என் உள்ளங்கையில் வைக்கிறார். "அப்ப காட்டு."

புது அட்டை நிற்கிறது. மடக்கி, வைத்து, நிமிர்த்தியாயிற்று. பள்ளத்தின் நடுவே முள், முள்ளின் தலையில் கறுப்பு. இதோ நேராக இருக்கிறது, இவ்வளவுதான், அமுக்கு. கை மெல்ல வலப்பக்கம் நகர்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நகர்கிறது, மாடு தன் தொழுவத்துக்குப் போவதுபோல. திருப்பிக் கொண்டுவருகிறேன். மறுபடி நகர்கிறது. பயமாக இருக்கிறது, நேராகப் பார்த்தால் நிச்சயம் தப்பிவிடும் என்று உடம்பு முழுக்கக் கத்துகிறது, நேராகப் பார்த்தவர்களெல்லாம் தப்பினார்கள், மீசைக்காரர்கள், போலீஸ்காரர்கள், ஒரு பட்டாளத்துக்காரர்கூட, நான் மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவள், நேராகப் பார்க்கிறவன் ஏமாளி. ஆனால் முள் நேராக இருக்கிறது. முள் நேராக இருந்தால் நேராகத்தான் பார்க்க வேண்டும். எது வேண்டுமோ அதையே. மஞ்சள் இல்லை, இங்கே மஞ்சளே இல்லை இசக்கி, பார், கறுப்பு மட்டும்தான். கை நிற்கிறது. மூச்சு நிற்கிறது. மின்விசிறிச் சத்தம் எங்கேயோ போய்விட்டது. பட்.

அண்ணாச்சி நடந்து போக வேண்டியிருக்கவில்லை. நடுப்புள்ளி இருந்த இடத்தில் பின்னால் உள்ள மணல் மூட்டையின் வெளுப்பு இங்கிருந்தே தெரிகிறது. "ஏட்டி!" என்று ஜெபமலர் என் முதுகில் ஒன்று வைக்கிறாள், வலிக்கிறது, இன்னொன்று வைத்தாலும் பரவாயில்லை. அந்த நேரம் பார்த்துப் போன் அடிக்கிறது. அப்பா. பின்னால் பம்பு சத்தம், அம்மா பலூன் ஊதுகிறாள்.

"ஏ பிள்ள, எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சுப்பா."

"முள்ளு எப்படி? வளையம் கிளையம் போட்டிருக்கானா?"

மேசைமேல் கறுப்பு இன்னும் படுத்திருக்கும். ஒரு வார்த்தை போதும். "இல்லப்பா. வெறும் முள்ளுதான்."

"அப்ப சரி. வெள்ளிக்கிழமை கொடைக்கு வரும்போது கொண்டாந்துரு, ரெண்டே தட்டு."

"இது கடைக்கு இல்லப்பா. எனக்கு."

பம்பு சத்தம் நிற்கிறது. அம்மாவும் கேட்கிறாள்போல. "உனக்கா? எதுக்கு?"

"சும்மா." காது சூடாகவில்லை. தொட்டுப் பார்க்கிறேன், நிஜமாகவே சூடாகவில்லை. "சும்மா சுட. கடைத் துப்பாக்கிக்கு இங்கேயே புது ஸ்பிரிங் வாங்கிட்டு வாரேன், மாட்டிருவோம். இந்த முள்ளு நேரா இருக்குப்பா. நேராவே இருக்கட்டும்."

கூட்டத்தின் இரைச்சல், ராட்டினத்தின் பாட்டு, யாரோ விலை கேட்கிறார்கள். நான் இல்லை என்று சொன்னது இதுதான் முதல் தடவை, அது போய் எங்கே விழுந்தது என்று தெரியாமல் நிற்கிறேன்.

"நேரா இருந்து, நீ சுட்டியா?"

"சுட்டேன்."

"பட்டுதா?"

"நடுவுலப்பா."

மூச்சு விடுகிற சத்தம். அப்புறம் அந்தப் பழைய குரல், முக்காலிக்குப் பக்கத்தில் நின்று ஊரையே கூப்பிடுகிற குரல். "அப்பம் ஒண்ணு சொல்லுதேன் கேளு தாயி. அதைத் தூக்கிக்கிட்டு நம்ம கடைப் பக்கம் மட்டும் வந்துராத. ஒத்த பலூன் மிஞ்சாது!" போனை வைக்காமலே அவர் அம்மாவிடம் திரும்பிக் கத்துவது கேட்கிறது: "ஏளா, ஒம் மவ சும்மா சுடதுக்குத் துப்பாக்கி எடுத்திருக்காளாம்! சும்மாவாம்!"

"அண்ணாச்சி," என்கிறேன், "இன்னொரு அட்டை இருக்கா?"